‘தௌ’ என்பது வெறும் ‘நீ’தான்

பழைய ஆங்கில நாடகமோ கவிதையோ பாடத்தில் வந்தால் முதலில் கண்ணில் உறுத்துவது ‘தௌ’ என்ற சொல். அதன் பின்னாலேயே ‘தீ’, ‘தை’, ‘தைன்’ என்று ஒரு குடும்பமே வரும். கல்லூரியில் இதை முதலில் படித்தபோது, ராஜாவிடமும் கடவுளிடமும் கை கட்டி நின்று பேசுகிற மரியாதைச் சொல் என்றே நினைத்துக்கொண்டேன். மனதுக்குள் ‘தேவரீர்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டுதான் வரிகளைப் படித்தேன். இன்றைக்கு ஆங்கிலம் பேசுகிறவர்களிலேயே ஏராளமானோருக்கு இந்த எண்ணம் இருக்கிறது. ஜெபத்தில் வருகிறது, ஷேக்ஸ்பியரில் வருகிறது, அப்படியென்றால் உயர்ந்த சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

உண்மை இதற்கு நேர் எதிர். ‘தௌ’ என்றால் ‘நீ’. நண்பனை, தம்பியை, வேலைக்காரரை, நாய்க்குட்டியை எப்படிக் கூப்பிடுவோமோ அந்த ‘நீ’. இன்று எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட ‘யூ’தான் ஒரு காலத்தில் ‘நீங்கள்’. இதை ஓர் ஆங்கிலேயர் புத்தகம் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கோ வீட்டுக்குள்ளேயே ‘நீ’யும் ‘நீங்க’ளும் புழங்குகின்றன. இந்தச் சொல்லின் கதையைப் புரிந்துகொள்ள அவர்களைவிட நாம்தான் வசதியான இடத்தில் இருக்கிறோம் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் குடும்பத்தை அறிமுகப்படுத்திவிடுகிறேன். ‘தௌ’ என்றால் நீ. ‘தீ’ என்றால் உன்னை, உனக்கு. ‘தை’ என்றால் உன். ‘தைன்’ என்றால் உன்னுடையது. உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ‘தை’யின் இடத்திலும் இதுவே வரும். பன்மைக்கு வேறு குடும்பம். ‘யீ’ என்றால் நீங்கள், ‘யூ’ என்றால் உங்களை, ‘யுவர்’ என்றால் உங்கள். கவனியுங்கள், ‘யூ’ என்பதன் பழைய பொருள் ‘நீங்கள்’ கூட இல்லை, ‘உங்களை’. சுமார் 16ஆம் நூற்றாண்டில்தான் அது ‘யீ’யின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. ‘உங்களை வந்தீர்கள்’ என்று ஒருவர் தவறாகப் பேச ஆரம்பித்து, ஊரே அதைப் பின்பற்றி, கடைசியில் அதுவே சரியான வழக்கு ஆகிவிட்டதுபோலத்தான் இது நடந்திருக்கிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பழைய ஆங்கிலத்தில் இதன் ஒலிப்பு ‘தூ’. ஐஸ்லாந்து மொழியில் இன்றும் அதே ‘தூ’தான். ஜெர்மனில் ‘டூ’. லத்தீனிலும் இந்தியிலும் ‘தூ’, சம்ஸ்கிருதத்தில் ‘த்வம்’. எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இந்திப் பாட்டில் காதலன் காதலியை ‘தூ’ என்று கூப்பிடும்போது வருகிறதே, அந்தச் சொல்லும் ஷேக்ஸ்பியரின் ‘தௌ’வும் தூரத்துச் சொந்தம். பழைய ஆங்கிலத்தில் இன்னொன்றும் இருந்தது: ‘நீங்கள் இரண்டு பேர்’ என்பதற்கென்றே ‘யிட்’ என்று ஒரு தனிச் சொல். சம்ஸ்கிருதத்தில் இருப்பது போன்ற இருமை. 13ஆம் நூற்றாண்டுக்குள் அது மறைந்துபோயிற்று.

இங்கே ஒரு கிளைக்கதை. இங்கிலாந்தில் பழைய பாணிக் கடைப் பலகைகளில் ‘யீ ஓல்ட்’ என்று எழுதியிருப்பார்கள். அந்த ‘யீ’க்கும் நான் மேலே சொன்ன ‘யீ’க்கும் சம்பந்தமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘த’ ஒலிக்கு ‘தார்ன்’ என்று ஓர் எழுத்து இருந்தது. கையெழுத்தில் அது போகப் போக ஆங்கில ‘ஒய்’ போலவே மாறிவிட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்துகளில் தார்ன் கிடையாது. அச்சுக்கோப்பவர்கள் அதன் இடத்தில் ‘ஒய்’யைப் போட்டார்கள். ஆக, அந்தப் பலகையில் இருப்பது சாதாரண ‘தி’ என்ற சொல்தான். ‘யீ’ என்று வாசிப்பது பின்னால் வந்த தவறு.

சரி, ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவில் மரியாதை எப்படி நுழைந்தது? தொடக்கத்தில் ஆங்கிலத்தில் அது இல்லவே இல்லை. ஒருவர் என்றால் ‘தௌ’, பலர் என்றால் ‘யீ’, அவ்வளவுதான். அரசனையும் ‘தௌ’ என்றே அழைத்தார்கள். ஒரே ஆளைப் பன்மையில் அழைக்கும் வழக்கம் பிற்கால ரோமப் பேரரசில், பேரரசர்களை அழைத்ததில் தொடங்கியது. அங்கிருந்து அது பிரெஞ்சு அரசவைக்குப் போனது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பல தலைமுறைகளுக்கு அரண்மனையின் மொழி பிரெஞ்சு. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் அந்த வழக்கம் ஆங்கிலத்திலும் ஊறிவிட்டது. மேலே இருப்பவருக்கு ‘யூ’, கீழே இருப்பவருக்கு ‘தௌ’. மேட்டுக்குடியினர் தங்களுக்குள் ‘யூ’, ஏழைகள் தங்களுக்குள் ‘தௌ’.

தமிழிலும் இதே திருப்பம் நடந்திருக்கிறது. புறநானூற்றுப் புலவர்கள் சேர சோழ பாண்டியர்களை முகத்துக்கு நேராக ‘நீ’ என்றுதான் பாடினார்கள். பன்மையை மரியாதைக்குப் பயன்படுத்துவது தொல்காப்பியர் காலத்திலேயே பேச்சில் இருந்திருக்கிறது. அவர் அதைப் பார்த்து, ‘வழக்கினாகிய உயர்சொற் கிளவி, இலக்கண மருங்கின் சொல்லாறு அல்ல’ என்று எழுதி வைத்தார். மக்கள் மரியாதைக்காக அப்படிப் பேசுகிறார்கள், ஆனால் அது இலக்கண நெறி அன்று என்பது பொருள். இந்தச் சூத்திரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு கூட்டம் ஏறக்குறைய இதே வாதத்தைச் சொல்லி அடி வாங்கப்போகிறது.

ஷேக்ஸ்பியர் காலத்தில் இந்த இரண்டு சொற்களும் சேர்ந்து என்ன வேலை செய்தன என்பதற்கு, ‘ஹாம்லெட்’ நாடகத்தில் தாயும் மகனும் மோதுகிற அறைக் காட்சியைப் பார்த்தால் போதும். அப்பா இறந்த கொஞ்ச நாளிலேயே அம்மா சித்தப்பாவை மணந்துகொண்டிருக்கிறாள். சித்தப்பாவின் மனம் நோகும்படி மகன் நடந்துகொள்கிறான் என்று அம்மா கண்டிக்க வருகிறாள். ‘ஹாம்லெட், நீ உன் அப்பாவை ரொம்பப் புண்படுத்திவிட்டாய்’ என்று தொடங்குகிறாள். ‘தௌ’ போட்டுப் பேசுகிறாள், தாய் பிள்ளையிடம் பேசும் உரிமையோடு. மகன் அதே வாக்கியத்தைத் திருப்பிப் போடுகிறான்: ‘அம்மா, நீங்கள் என் அப்பாவை ரொம்பப் புண்படுத்திவிட்டீர்கள்.’ அவன் சொல்லும் அப்பா, செத்துப்போனவர். இதற்கு அம்மா சொல்லும் பதிலில் ‘தௌ’ காணாமல் போய்விடுகிறது. ‘போதும் போதும், நீங்கள் வீண்பேச்சுப் பேசுகிறீர்கள்’ என்று அவளும் ‘யூ’வுக்குத் தாவிவிடுகிறாள்.

மூன்றே வரி. மகன் ‘யூ’ சொன்னதில் புதுமை இல்லை, அம்மாவிடம் மரியாதையாகப் பேசுவது அந்தக் கால வழக்கம். அம்மா சொன்ன ‘யூ’தான் விஷயம். நம் வீடுகளில் கோபம் முற்றும்போது அம்மா சட்டென்று, ‘ஆமாங்க, நீங்க பெரிய ஆளு, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று ‘ங்க’ போட ஆரம்பிப்பாரே, அந்தக் குளிர்தான் அங்கே அடிக்கிறது. இன்றைய ஆங்கில வாசகருக்கு அந்த இடம் அடிக்குறிப்பு இல்லாமல் விளங்காது. ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுக்கும் நம் ஆசிரியர்கள் இந்தக் காட்சியைத் தமிழில் ஒரு தடவை நடித்துக் காட்டினாலே போதும், பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டுவிடும்.

தெரியாத ஆளிடமோ சமமான ஆளிடமோ வேண்டுமென்றே ‘தௌ’ போட்டால் அது கன்னத்தில் அறைவது போல. ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடகத்தில் ஒருவன் சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதப் போகிறான். ‘மூன்று முறை அவனை தௌ போட்டு எழுது, ஒன்றும் தப்பில்லை’ என்று தோழன் யோசனை சொல்கிறான். அந்த நாடகம் மேடையேறி இரண்டு ஆண்டுக்குள் இதே அவமானம் ஒரு நிஜ நீதிமன்றத்தில் அரங்கேறியது. 1603 நவம்பர் 17. லண்டனில் கொள்ளைநோய் பரவியிருந்ததால் விசாரணை வின்செஸ்டரில் நடந்தது. குற்றவாளிக் கூண்டில் சர் வால்டர் ராலே. முதலாம் எலிசபெத் ராணியின் பிரியத்துக்குரியவராக இருந்தவர், கடலோடி, கவிஞர். ராணி இறந்து ஜேம்ஸ் அரசர் வந்ததும் ராஜத் துரோகச் சதி வழக்கில் மாட்டிக்கொண்டார். அரசுத் தரப்பில் வாதாடியவர் எட்வர்ட் கோக், பிற்காலத்தில் ஆங்கிலச் சட்டத்தின் தூண்களில் ஒருவராகப் போற்றப்பட்டவர். அன்று அவர், சதியில் கூட்டாளி எனப்பட்ட கோபாம் பிரபுவைச் சுட்டி, நிதானம் இழந்து கத்தினார்: ‘அவன் செய்ததெல்லாம் உன் தூண்டுதலால்தான், விரியன் பாம்பே! துரோகியே, உன்னை நான் தௌ என்றே அழைக்கிறேன்!’ அந்த வாக்கியத்தில் ‘தௌ’ ஒரு வினைச்சொல்லாகவே வருகிறது. நாம் ‘வா போ என்று பேசுவது’ என்கிறோமே, அதை ஒரே சொல்லில் சொன்னதுபோல. உயர்குடியில் பிறந்தவரைப் பல பேர் முன்னால் அப்படி அழைப்பது தண்டனைக்கு முந்தைய தண்டனை. ‘என்னை இப்படி அழைப்பது தகுதியுள்ள மனிதருக்கு அழகல்ல. ஆனாலும் ஆறுதல்தான், உங்களால் முடிந்தது இவ்வளவுதானே’ என்றார் ராலே. ‘யூ’ போட்டுத்தான் பதில் சொன்னார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, லண்டன் கோபுரச் சிறையில் பல ஆண்டுகள் கிடந்து, 1618இல் தலை வெட்டப்பட்டு இறந்தார்.

அடுத்த அரை நூற்றாண்டில் இதே சொல்லை வேறொரு கூட்டம் கையில் எடுத்தது. ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய நண்பர்கள் சபை என்ற கிறிஸ்தவக் குழு. குவேக்கர்கள் என்று நாம் அறிந்தவர்கள். கடவுள் முன்னால் எல்லோரும் சமம், ஆகவே யார் முன்னாலும் தொப்பியைக் கழற்ற மாட்டோம், யாரையும் பன்மையில் அழைக்க மாட்டோம் என்றார்கள். ஆண், பெண், பணக்காரர், ஏழை, பெரியவர், சிறியவர் யாராக இருந்தாலும் ‘தௌ’ என்றே அழைக்கும்படி கடவுள் தனக்குக் கட்டளையிட்டதாக ஃபாக்ஸ் எழுதியிருக்கிறார். அதோடு நிற்காமல், 1660இல் இரண்டு தோழர்களோடு சேர்ந்து ஒரு புத்தகமே வெளியிட்டார். ஒருவருக்கு ஒருமை, பலருக்குப் பன்மை என்பதே உலக மொழிகளின் நெறி என்று மொழி மொழியாக எடுத்துக்காட்டு அடுக்குகிற புத்தகம் அது. தொல்காப்பியர் இலக்கணமாகச் சொல்லிவிட்டுப் போனதை இவர்கள் வாழ்க்கை நெறியாகவே கடைப்பிடித்தார்கள்.

கடைப்பிடித்ததற்கு விலையும் கொடுத்தார்கள். 1655இல் தாமஸ் ஃபுல்லர் என்ற பாதிரியார் அந்தக் காலத்தின் பொது எண்ணத்தைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார். பெரியவர் சிறியவரை ‘தௌ’ என்பது கட்டளை, அது முறை. சமமானவர்களுக்குள் நெருக்கம், போகட்டும். சிறியவர் பெரியவரை அப்படிச் சொன்னால், தெரியாமல் சொன்னால் பட்டிக்காட்டுத்தனம், தெரிந்தே சொன்னால் அவமதிப்பு.

தாமஸ் எல்வுட் என்ற இருபது வயது இளைஞர் 1659 வாக்கில் குவேக்கர் ஆனார். அவருடைய அப்பா ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஒரு நிலக்கிழார். மகன் தொப்பியோடு அவர் எதிரில் வந்து நின்றதும் கை நீண்டது. தொப்பியைப் பிடுங்கி எறிந்தார். மகன் இன்னொரு தொப்பியைப் போட்டுக்கொண்டான், அதுவும் போயிற்று. ஒவ்வொன்றாக எல்லாத் தொப்பியும் போய், அந்தக் குளிர்காலத்தில் வெறுந்தலையோடு இருந்து சளி பிடித்ததாக எல்வுட் எழுதியிருக்கிறார். ‘தௌ’ விஷயத்தில் அப்பாவின் எச்சரிக்கை இன்னும் கடுமை: ‘இனி ஒரு தடவை என்னை நீ தௌ, தீ என்று சொல்லிக் கேட்டேனென்றால், உன் பல்லைத் தொண்டைக்குள் இறங்கும்படி உடைப்பேன்.’ பெற்ற மகன் தன்னை ‘நீ’ என்று அழைத்ததில் அந்த மனிதருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பதும் நமக்குப் புரிகிறது. மகன் எதற்காக அவ்வளவு அடியையும் பொறுத்துக்கொண்டான் என்பதும் புரிகிறது. பின்னால் இந்த எல்வுட்தான் பார்வையிழந்த கவிஞர் மில்டனுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் மாணவராகச் சேர்ந்தார்.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னும் குவேக்கர். அவருடைய அப்பா கடற்படைத் தளபதி. ‘யாரை வேண்டுமானாலும் தௌ போட்டுக்கொள், அரசர், அவர் தம்பி யார்க் கோமகன், நான், இந்த மூன்று பேரை மட்டும் விட்டுவிடு’ என்று அவர் மகனிடம் பேரம் பேசியதாக ஒரு செய்தி உண்டு. அமெரிக்கக் குவேக்கர் வீடுகளில் இந்தப் பேச்சு 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் நீடித்தது. ஆனால் அங்கே ‘தௌ’ தேய்ந்து ‘தீ’ மட்டும் மிஞ்சியது. ‘நீ’ என்ற இடத்தில் ‘உன்னை’யே நின்றது, முன்பு ‘யூ’வுக்கு நடந்த அதே விபத்து.

குவேக்கர்கள் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில் மற்றவர்கள் வாயிலிருந்து ‘தௌ’ உதிர்ந்துகொண்டிருந்தது. 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பொதுவழக்கில் அது கிட்டத்தட்ட இல்லாமல் போனது. ஏன்? லண்டன் பெருத்துக்கொண்டே போனது. நாலாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். எதிரில் நிற்பவர் வியாபாரியா கனவானா என்று உடையைப் பார்த்துச் சொல்ல முடியாத காலம் வந்தது. இப்படிப்பட்ட இடத்தில் ‘யூ’ போட்டால் யாருக்கும் கோபம் வராது. புது ஊரில் யாரைப் பார்த்தாலும் ‘நீங்க’ என்று தொடங்குவோமே, அந்த எச்சரிக்கைதான். அதோடு ‘தௌ’ சொன்னால் வினைச்சொல்லையும் அதற்கேற்ப ‘ஸ்ட்’ போட்டு முடிக்க வேண்டும். அந்தச் சுமை வேறு. தயக்கம் வந்தபோதெல்லாம் ‘யூ’ வென்றது. கடைசியில் காதல், கோபம், பிரார்த்தனை ஆகிய மூன்றுக்கு மட்டும் ‘தௌ’ மிஞ்சியது. பிறகு பிரார்த்தனைக்கு மட்டும்.

ஸ்வீடனில் இது தலைகீழாக நடந்தது. 1967இல் அங்கே அரசு மருத்துவத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற ப்ரூர் ரெக்செட், ஊழியர்கள் எல்லோரையும் இனி ‘டூ’ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். ஏற்கெனவே கனிந்திருந்த மாற்றம் அதோடு வேகம் பிடித்து, நாடே ‘நீ’க்கு மாறியது. ஸ்வீடன்காரர்கள் எல்லோரும் ‘நீ’ ஆனார்கள், ஆங்கிலேயர்கள் எல்லோரும் ‘நீங்கள்’ ஆனார்கள். எனக்கு ஸ்வீடனின் வழியைவிட ஆங்கிலத்தின் வழி பிடித்திருக்கிறது. கடைநிலை ஊழியருக்கும் மரியாதையின் சொல்லே கிடைத்தது. ஆனால் அதில் ஓர் இழப்பும் இருக்கிறது. நெருங்கியவரை அழைக்கத் தனிச் சொல் இல்லை. ஒருவரா பலரா என்று காட்டவும் சொல் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் அமெரிக்கத் தெற்கில் ‘யால்’ என்றும், பிட்ஸ்பர்க்கில் ‘யின்ஸ்’ என்றும், அயர்லாந்தில் ‘யூஸ்’ என்றும் புதுப் பன்மைகளை உருவாக்கிக்கொண்டார்கள்.

சொல் முழுவதும் சாகவும் இல்லை. இங்கிலாந்தின் வடக்கே, யார்க்ஷயரில், ‘தா’ என்றும் ‘தீ’ என்றும் பெரியவர்கள் பேச்சில் இன்னும் கேட்கலாம். ஷெஃபீல்ட் ஊர்க்காரர்கள் இதை ‘டீ’, ‘டா’ என்று ஒலிப்பதால் பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களுக்கு ‘டீ டா’ என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். பெரியவர்களிடம் ‘தா’ போட்டுப் பேசும் பிள்ளையை அடக்க அங்கே ஒரு வசனமும் உண்டு: ‘என்னை நீ தா போடாதே, உன்னையே தா போட்டுப் பார், எப்படி இருக்கிறதென்று தெரியும்.’

இனி வேதாகமத்துக்கு வருவோம், ‘தௌ’ மரியாதைச் சொல் என்ற எண்ணம் பிறந்த இடம் அதுதான். 16ஆம் நூற்றாண்டில் வில்லியம் டின்டேல் வேதாகமத்தின் பகுதிகளை மொழிபெயர்த்தபோது, எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் மரியாதைப் பன்மை இல்லை என்பதால் ஒருவருக்கு ‘தௌ’, பலருக்கு ‘யீ’ என்று நேராகப் பிரித்தார். 1611இல் வந்த ஜேம்ஸ் அரசர் பதிப்பும் அதையே பின்பற்றியது. அதில் கடவுளும் ‘தௌ’, விவசாயியும் ‘தௌ’, சாத்தானும் ‘தௌ’. ஆனால் தெருவில் அந்தச் சொல் செத்துப்போய், கோயிலில் மட்டும் ஒலித்தபோது, கேட்ட தலைமுறைகளுக்கு அது தெய்வ மொழியாகத் தோன்றிவிட்டது. 1946இல் புதிய ஏற்பாடும் 1952இல் முழு நூலும் வந்த ஓர் அமெரிக்கத் திருத்தப் பதிப்பு, மனிதர்களுக்கெல்லாம் ‘யூ’ போட்டுவிட்டு, கடவுளை நோக்கிப் பேசும் இடத்தில் மட்டும் ‘தௌ’வை வைத்துக்கொண்டது. வீட்டுக்குள் புழங்கிய ‘நீ’ இப்படித்தான் ‘தேவரீர்’ ஆயிற்று. 1989இல் வந்த அதன் அடுத்த திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். தமிழ் வேதாகமம் இந்த இடத்தில் வேறு வழி போனது. ‘உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக’ என்று கடவுளுக்கு ‘உம்’ போட்டது. ‘அப்பன்நீ அம்மைநீ’ என்று சிவனைப் பாடிய அப்பருக்கு ‘நீ’யின் நெருக்கம் வேண்டியிருந்தது, பழைய ஆங்கில ஜெபத்தின் ‘தௌ’வும் அந்த நெருக்கம்தான்.

லூக்கா 22ஆம் அதிகாரத்தில் ஓர் இடம். கடைசி இராப்போஜனத்தில் சீடர்கள் எல்லோரும் இருக்க, இயேசு பேதுருவைப் பார்த்துப் பேசுகிறார். ஜேம்ஸ் அரசர் பதிப்பில் முதல் வாக்கியத்தில் ‘யூ’, அடுத்ததில் ‘தீ’, ‘தை’. தமிழிலும் அப்படியே: கோதுமையைப் புடைப்பதுபோலச் சாத்தான் ‘உங்களைப்’ புடைக்க உத்தரவு கேட்டான், நானோ ‘உன்’ விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு ‘உனக்காக’ வேண்டிக்கொண்டேன். ஆபத்து எல்லோருக்கும்; வேண்டுதல் இந்த ஒருவனுக்காக. கொஞ்ச நேரத்தில் தன்னை மறுதலிக்கப் போகிற அந்த ஒருவனுக்காக. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் ‘யூ’தான் வர முடியும், வித்தியாசம் தெரியாது. அதனால் 2011இல் வந்த ஒரு புதிய பதிப்பு முதல் வாக்கியத்தில் ‘உங்கள் எல்லோரையும்’ என்றும், இரண்டாவதில் மூலத்தில் இல்லாத இடத்தில் ‘சீமோனே’ என்று பேதுருவின் இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொண்டது.